பதினோராம் எண் வீட்டுத் தண்ணீர்

ஆகஸ்ட் மாதம் பதின்மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு, நான்காவது வார்டு மூன்றாம் குறுக்குத் தெரு பதினோராம் எண் வீட்டில், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். வயது எழுபத்தொன்று.

மருமகள் அப்போது வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். மஞ்சள் மேல்சட்டை போட்டாயிற்று. தோள்பையில் படிவங்கள், சாக்பீஸ், படம் போட்ட அட்டைகள், குளோரின் மாத்திரைப் பட்டைகள் எல்லாம் இருந்தன. "மாமா, கிளம்பறேன்" என்றாள். வழக்கமாக அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "குளோரின் எக்ஸ்பிரஸ் புறப்படுது, ஏறுறவங்க ஏறலாம்" என்பார். அவள் இந்த வேலைக்குப் போகத் தொடங்கிய மூன்று வாரமாக ஒரு நாள் தவறாமல் சொல்லியிருக்கிறார். அன்று சொல்லவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். பேப்பர் மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ சொல்ல வந்து மறந்துவிட்ட மாதிரி.

ஒன்பதே காலுக்கு முனை கிளினிக் டாக்டர் வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"கஷ்டமே படல. ஹார்ட்தான்" என்றார். பேனாவைத் திறந்தவர் எழுதுவதற்கு முன் நிமிர்ந்தார். "வாந்தி, பேதி ஏதாவது இருந்துச்சா? இப்ப இருக்கற நிலைமைக்குக் கேக்கணும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றான் கணவன். அவனுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. பாதி வழியில் செய்தி கேட்டு ஓடி வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

மருமகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் மாமியார் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தாங்கப் போனவள் நிமிர்ந்தபோது, டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் சொல்லாமல் விட்டது இதுதான்: அன்று விடியற்காலை நாலிலிருந்து ஆறு மணிக்குள் மாமா நான்கு முறை பின்பக்கம் போனார். கழிவறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, இழுத்தால் பூனை கத்துவது போலக் கத்தும். அவர்கள் படுக்கும் அறை அதையொட்டித்தான் இருந்தது. கணவன் தலைமாட்டில் லாரி போனாலும் எழமாட்டான். அவள் மட்டும் அரைத் தூக்கத்தில் எண்ணினாள். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாத எழுபத்தேழு வீட்டுக்காரர்களிடம், "எத்தனை தடவை போனீங்க, தண்ணி மாதிரி போச்சா" என்று கூசாமல் கேட்டவள்தான். மாமாவிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் புரண்டு படுத்துவிட்டாள்.

வார்டில் கால்வாய் ஓரமாகக் குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்து ஒரு மாதம் ஆகிறது. நாற்பத்தொரு பேருக்குக் காலரா வந்திருந்தது. இரண்டு பேர் செத்திருந்தார்கள். சுகாதார நிலையத்தில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேடியபோது அவள் பெயர் கொடுத்தாள். வீடு வீடாகப் போய் அட்டைகளைக் காட்டிப் பேச வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், இரண்டு நாள் கழித்துப் போய்க் கேட்க வேண்டும், சரியாக இருந்தால் கதவில் சாக்பீஸால் டிக் போட்டுத் தேதி எழுத வேண்டும். ஒன்பதாவது அட்டையில் மூடிய கண்ணோடு ஒருவர் படுத்திருக்கும் படம். அதைக் காட்டி அவள் சொல்ல வேண்டியது: பேதியோடு யார் இறந்தாலும் உடம்பைத் தொடாமல் எங்களுக்குச் சொல்லுங்கள், குளிப்பாட்டுகிறவர்களுக்கும் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கும் தொற்றும்.

இருக்காது, மாமாவுக்கு அது இருக்காது என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனாள். எதற்கும் ஒரு முறை பார்த்துவிட்டால் மனசு ஆறும். அலமாரியின் இரண்டாவது தட்டில், மாமாவின் பிரஷர் மாத்திரை டப்பாவுக்குள், இவள் பத்து நாள் முன்னால் கொடுத்த குளோரின் பட்டை இருந்தது. விரலால் தடவி எண்ணினாள். பத்தும் இருந்தன.

முதலில் வந்தது நிம்மதி. தெரியாமல் எடுத்து விழுங்கிவிடவில்லை. அது ஒரு நொடிதான். பத்தும் இங்கே இருக்கிறதென்றால், டிரம்மில் இதுவரை ஒன்றுகூடப் போடவில்லை.

மாமியார் போடுவார் என்று அவள் நினைத்தாள். இதே வேலையாக அலைகிறவள் அவளே போட்டிருப்பாள் என்று மாமியார் நினைத்திருப்பார். மாமாவோ, "நீச்சல் குளத்துலயே வாயை வச்சுக் குடிக்கலாம்போல இருக்கும், எனக்கு வேணாம்" என்று முதல் நாளே சொல்லியாயிற்று. எழுபத்தேழு கதவுகளைத் தட்டிவிட்டுக் கால் வலியோடு வீட்டுக்கு வந்த சாயங்காலம், நம்ம வீடுதானே என்று, உள்ளே வந்து கேட்காமலே, தன் வாசல் கதவில் தன் கையால் டிக் போட்டவள் அவள்தான்.

"என்னம்மா அங்கயே நிக்கற? டம்ளர் எங்க இருக்கு?"

எதிர்வீட்டுத் தையல்காரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். எந்த வீட்டில் சாவு என்றாலும் சமையலறையைக் கையில் எடுத்துக்கொள்கிறவர். அவருடைய கையில் காலியான எவர்சில்வர் ஜக் இருந்தது.

"வந்தவங்களுக்கெல்லாம் ஒரு வாய் தண்ணி குடுத்துட்டேன். எல்லாரும் வெயில்ல வந்திருக்காங்க. உங்க மாமாவோட டெப்போக்காரங்களே பத்துப் பேர் இருப்பாங்க."

"எந்தத் தண்ணி அத்தை?"

"எந்தத் தண்ணின்னா? டிரம்முத் தண்ணிதான். உங்க வீட்டுத் தண்ணிய விடச் சுத்தமான தண்ணி இந்தத் தெருவுல எங்க கிடைக்கப்போகுது?"

தையல்காரம்மா டம்ளர்களைக் கழுவப் பின்பக்கம் போனதும், மருமகள் நீல டிரம்மின் மூடியைத் திறந்தாள். முக்கால் டிரம் இருந்தது. பட்டையைப் பிய்த்துப் பத்து மாத்திரையையும் உள்ளே போட்டாள். அவசரத்தில் ஒன்று தரையில் விழுந்து அடுப்புக்குக் கீழே உருண்டது. மண்டி போட்டு எடுத்துத் துடைத்து அதையும் போட்டாள். மூடியை அழுத்தி மூடினாள். மணி பத்து முப்பத்தைந்து. அரை மணி நேரம் ஆக வேண்டும். பதினொன்று ஐந்து வரைக்கும் யாரும் இதைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

குடித்துவிட்டவர்களைப் பற்றி அவள் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்க முயற்சி செய்தாள்.

கூடத்தில் நாற்காலிகள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. மாமாவைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அவரோடு இருபத்தாறு வருஷம் ஒரே வண்டி ஓட்டிய டிரைவர் காலடியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஆனாலும் மூச்சு வாங்கியது.

"அவன் விசில் ஊதினாத்தான்மா நான் வண்டியை எடுப்பேன். ரிட்டையர் ஆகி வீட்ல இருந்தாலும், சோப்பு வாங்கக் கடைக்குக் கிளம்பறப்பகூட யாராவது ரைட் சொல்லுவாங்களான்னு நிப்பேன்" என்றார் யாரிடமோ. பிறகு எழுந்து சட்டைக் கையை மடக்கினார். "தம்பி, வாடா. உங்கப்பனைக் குளிப்பாட்டிடலாம். வெயில் ஏறுது. நீ தலைப்பக்கம் பிடி."

கணவன் எழுந்தான்.

அதே நேரம் வாசலில் ஆட்டோ நின்றது. நாத்தனார், கணவனின் அக்கா, ஒரு மணி நேரப் பஸ் பயணம் முடிந்து வந்து இறங்கினார். "அப்பா" என்று ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டார். நிலைப்படியிலேயே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

"யாராவது தண்ணி கொண்டு வாங்க! மயக்கமா வருது அவளுக்கு!"

தையல்காரம்மா ஜக்கோடு சமையலறைக்குள் ஓடினார். மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பத்தேழு. பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. கூடத்தில் டிரைவர் குனிந்து மாமாவின் கணுக்காலைப் பிடிக்கப் போனார். இரண்டையும் ஒரே நேரத்தில் தடுக்க அவளிடம் பொய் எதுவும் இல்லை.

அவள் ஓடிப்போய் டிரம் மூடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"அத்தை, எடுக்காதீங்க!" கூடம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாக வந்தது. "டிரைவர் மாமா, கையை எடுங்க. மாமாவை யாரும் தொடாதீங்க!"

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கணவன் சமையலறை வாசலுக்கு வந்தான். "என்ன ஆச்சு உனக்கு?"

"இந்தத் தண்ணியில மருந்து போடல. பத்து நாளா போடல. இப்பதான் போட்டேன், இன்னும் அரை மணி ஆகல. யாரும் குடிக்காதீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "விடியக்காலைல மாமா நாலு தடவை பின்னாடி போனாரு. தாழ்ப்பாள் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. டாக்டர் கேட்டப்ப சொல்லல. சொல்லியிருக்கணும்."

"எங்கப்பா வாந்திபேதில செத்தாருங்கறியா?"

"தெரியல. அதைத்தாங்க சொல்றேன். தெரியல. ஆபீசுக்குச் சொல்லணும். அவங்க வந்து பாக்கற வரைக்கும் தொடக் கூடாது."

நாத்தனார் நிலைப்படியிலிருந்து எழுந்து வந்தார். மயக்கம் எங்கோ போய்விட்டிருந்தது. "ஊரெல்லாம் அட்டையைத் தூக்கிட்டுப் போய்ப் பாடம் எடுத்தியாமே, அப்பா போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சொந்த வீட்டு டிரம்முல நாலு மாத்திரை போட உனக்கு நேரமில்லையா? வாசல்ல டிக் போட்டிருக்கே, அதை யார் போட்டது?"

"நான்தான் அண்ணி."

"பார்த்துட்டுப் போட்டியா?"

"இல்ல. பாக்காமலே போட்டேன்."

டிரைவர் தன் கையைத் தூக்கிப் பிடித்தபடி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மருமகள் போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். தெரு, வீட்டு எண், வயது, இறந்த நேரம் என்று படிவத்தில் எழுதும் வரிசையிலேயே சொன்னாள். "உறவுமுறை?" என்று அந்தப் பக்கம் கேட்டது. "மாமனார்" என்றாள்.

போனை வைத்தபோது தையல்காரம்மா இன்னும் காலி ஜக்கோடு அங்கேயே நின்றிருந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"ஏம்மா" என்றார். "இது தண்ணியில எப்பவும் போடணுமா?"

"என்ன அத்தை கேக்கறீங்க?"

"இல்ல, நான் இன்னும் பட்டையைப் பிரிக்கவே இல்லியே. வீட்ல யாருக்காவது வயித்தால போச்சுன்னா அப்பப் போட்டுக் குடுக்கலாம்னு தைலம் வைக்கற டப்பாவுல பத்திரமா வச்சிருக்கேன். இனாமாக் குடுத்த மருந்து, சும்மா இருக்கறப்பவே போட்டு வீணாக்குவாங்களா?"

"நான் ரெண்டு நாள் கழிச்சு வந்து கேட்டேனே. இருக்குன்னு சொன்னீங்களே!"

"இருக்கே! மாத்திரை இருக்கான்னுதானே நீ கேட்ட? எடுத்துக்கூடக் காட்டினேன். நீயும் டிக் போட்டுட்டுப் போன."

"எங்க வீட்லயும் பீரோவுல இருக்கு" என்றார் சைக்கிள் கடைக்காரர் பின்னாலிருந்து. "எங்கம்மா தலகாணிக்கு அடியில வச்சிருக்காங்க, நான் எடுத்துத் தின்னுடுவேனாம்."

"எங்க வீட்ல ஒண்ணு போட்டோம். வாடை பிடிக்கலன்னு தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டோம்."

ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல மருமகள் மனசுக்குள் கூட்டிக்கொண்டே போனாள். எழுபத்தெட்டு டிக். அத்தனையும் அவள் கையெழுத்து.

டிரைவர் தொண்டையைச் செருமினார். "அது தண்ணியில போடறதா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நான் ரெண்டு முழுங்கினேனே."

"ஐயோ, எப்ப?"

"நாலு நாள் ஆச்சு. உங்க மாமன்தான்மா சொன்னான். எங்க தெருவுல அட்டையெல்லாம் காட்டினப்ப நான் வீட்ல இல்ல, மாடி வீட்லதான் மாத்திரையை வாங்கி வச்சிருந்தாங்க. இவனைக் கேட்டேன். 'ஒண்ணு போட்டா பத்தாதுடா, உன் உடம்புக்கு ரெண்டு போடு'ன்னான். நெஞ்செல்லாம் எரிஞ்சுது. பாலைக் குடிச்சுட்டுப் படுத்தேன். மறுநாள் வந்து சண்டை போட்டா, 'கிருமி சாகறப்ப அப்படித்தான் எரியும்'கறான்." டிரைவர் கட்டிலைப் பார்த்தார். "பாவி."

முதலில் சிரித்தது மாமியார்தான். அழுகையில் ஏதோ புரையேறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது, பிறகு மூடவும் முடியவில்லை. "சொல்லிட்டு வந்து என்கிட்ட சிரிச்சாரு" என்றார். "'உன் டிரைவர் அண்ணனை இன்னிக்கு உள்ளாரக் கழுவி விட்டுட்டேன்'னு." டிரைவரும் சிரித்தார். நாத்தனார் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கட்டிலைச் சுற்றிச் சிரிப்பாக இருந்தது, அது எப்போது மறுபடியும் அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை.

மாமியார் மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நாலு தடவை போனாருன்னியே. கால் வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரையை நேத்துக் காலைல மறந்துட்டு, படுக்கறப்பப் போட்டாரு. அதைப் போட்டா ஒண்ணுக்குப் போய்க்கிட்டேதான் இருப்பாரு."

"அதுக்குத்தான் போனாருன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா அத்தை?"

மாமியார் யோசித்தார். "நான் என்ன கூடப் போயா பார்த்தேன்?" என்றார். கொஞ்சம் கழித்து, "அவங்களே வந்து பாக்கட்டும். அவசரம் என்ன, அவர் எங்கயும் போகப்போறதில்ல" என்றார்.

பன்னிரண்டு இருபதுக்கு சூப்பர்வைசர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, முன்பு நர்ஸாக இருந்தவர். கையுறையும் ரப்பர் காலணியும் போட்ட இரண்டு ஆட்கள் கூட வந்தார்கள். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, உடம்பிலிருந்து மாதிரி எடுத்தார்கள். பிறகு கதவைத் திறந்து, அதை ஒரு சின்னக் குழாயில் போட்டு, அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்தினார்கள். ஒரு கோடு வந்தால் இல்லை. இரண்டு கோடு வந்தால் காலரா. பதினைந்து நிமிஷம்.

மருமகள் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். மேலே ஒரு சிவப்புக் கோடு மெல்லத் தெரிந்து அழுத்தமானது. கீழே வெள்ளையாகவே இருந்தது. பதினைந்து நிமிஷம் ஆன பிறகும் சூப்பர்வைசர் இன்னும் ஐந்து நிமிஷம் வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி, பட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஒண்ணுதான்" என்றார். "இது எப்பவாவது தப்பும். லேபுக்கும் அனுப்பறேன். ஆனா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது அது இல்ல."

கணவன் சுவரில் சாய்ந்தான். அப்படியே சரிந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். காலையிலிருந்து அவன் அழுதிருக்கவில்லை.

லேப் முடிவு வரும்வரை எச்சரிக்கையாகவே இருக்கட்டும் என்று, அந்த இரண்டு ஆட்களும் மருந்துத் தண்ணீரில் மாமாவைக் குளிப்பாட்டினார்கள். மகன் கூட இருக்க வேண்டும் என்று கேட்டதால், அவனுக்கும் டிரைவருக்கும் கையுறையும் மேலங்கியும் கொடுத்தார்கள். நான்கு மணிக்கு எடுத்தார்கள். போகும்போது டிரைவர் விசில் எதுவும் ஊதவில்லை, "ரைட்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அதற்கு முன்னால், வாசலில், சூப்பர்வைசர் கதவில் இருந்த டிக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருமகள் எதிரே நின்றாள். மேல்சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள். வாங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தாள்.

"இந்த வீட்டுக்கு நீ பாக்காமலே டிக் போட்ட. மத்த வீட்டுக்கெல்லாம் கேட்டுட்டுத்தானே போட்ட?"

"கேட்டேன் மேடம். மாத்திரை இருக்கான்னு கேட்டேன். காட்டினாங்க."

"போட்டீங்களான்னு கேக்கல."

"படிவத்துல அப்படித்தான் இருக்கு."

சூப்பர்வைசர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். நான்காவது கேள்வியை ஒரு முறை படித்தார். 'வீட்டில் குளோரின் மாத்திரை உள்ளதா? ஆம், இல்லை.'

"இதை எழுதினது நான்தான்" என்றார். "பதினாறு தெருவுக்கு இதைத்தான் குடுத்திருக்கேன்."

அவர் படிவத்தை நான்காக மடித்து உள்ளே வைத்தார். பிறகு மருமகளின் கையிலிருந்த மேல்சட்டையைப் பார்த்து, "அதைப் போட்டுக்க. எப்ப வருவ?" என்றார்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. மருமகள் கடிகாரம் பார்த்துச் சத்தம் போடுவதற்கு முன் யார் யார் அந்த டிரம்மிலிருந்து குடித்தார்கள் என்று பட்டியல் வேண்டும். தண்ணீரையும் எடுத்துப் போகலாம் என்று சூப்பர்வைசர் பாட்டிலைத் திறந்தார், பிறகு மூடினார். "நீ மாத்திரை போட்டுட்டியே. இனிமே அது ஒண்ணும் சொல்லாது" என்றார். பயத்தில் போட்ட அந்தப் பத்து மாத்திரைகளால், காலையில் டிரம்மில் என்ன இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளும் வழி போய்விட்டது. இனி ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காலராவுக்கு ஐந்து நாள் கணக்கு.

தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், யார் அரை டம்ளர் குடித்தார்கள், யார் இரண்டாவது முறை கேட்டார்கள் என்பது வரைக்கும் சொன்னார். வீட்டு ஆட்களைச் சேர்க்காமல் இருபத்திரண்டு பேர். கடைசியாக, "என்னையும் எழுதிக்க" என்றார். அது அந்த இருபத்திரண்டில் அடக்கம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மருமகள் மூன்றாம் குறுக்குத் தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள். "மாத்திரை இருக்கா" என்று அவள் கேட்கவில்லை. "தண்ணி எதுல வச்சிருக்கீங்க, மூடியைத் திறங்க" என்றாள். குனிந்து மோந்து பார்த்தாள். வாடை இல்லாத இடத்தில் அவளே பட்டையைப் பிரித்து, அந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்துப் போட வைத்தாள். "உங்க வீட்லயே போடலியாமே" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். "ஆமா, போடல" என்றாள். அதற்குப் பிறகு அவர்களுக்கும் கிண்டல் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. எழுபத்தெட்டில் அறுபத்தொரு வீட்டில் பட்டை பிரிக்கப்படாமல் இருந்தது. பழைய டிக்குகளை ஈரத் துணியால் துடைத்தபடியே போனாள்.

இடையிடையே பட்டியலில் இருந்தவர்கள். புதன்கிழமை இருபத்திரண்டு பேரும் நலம். வியாழக்கிழமை சைக்கிள் கடைக்காரருக்கு வயிறு சரியில்லை என்று கேட்டு அவள் ஓடினாள். அவர் முந்தின நாள் கோயில் அன்னதானத்தில் மூன்று பந்திக்குச் சாப்பிட்டிருந்தார். பட்டை ஒரு கோடு காட்டியது. அவர் மனைவி, "எனக்கு இவரைப் பத்தி அப்பவே தெரியும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லேபிலிருந்து முடிவு வந்தது. மாமாவின் மாதிரியில் காலரா கிருமி இல்லை. மாமியார் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு உள்ளே போய்ப் படுத்தவர் மாலை ஐந்தரை வரை அசையவில்லை. யாரும் எழுப்பவில்லை. சமையலறையில் கணவன் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருந்தா இவ்வளவு ஆயிருக்காது" என்றான் நிமிராமல்.

"ஆமா."

"நானும் தெரியாம, ஒண்ணுமில்லன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அவள் தண்ணீரை மொண்டு அவன் தேய்த்த இடத்தில் ஊற்றினாள். இரண்டு பேருமாக டிரம்மை நிமிர்த்தி வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது நாள். பத்தரை மணிக்குள் இருபத்தொரு பேரைப் பார்த்து முடித்தாள். பாக்கி இருந்தது டிரைவர் மட்டும். இரண்டு தெரு தள்ளியிருந்த வீடு பூட்டியிருந்தது. தட்டினாள், ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். மாடி வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "காலைல இருந்தே காணோமே. நேத்து ராத்திரி சாப்பாடு வேணாம்னுட்டாரு" என்றாள். எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியாக இருக்குமோ என்றும் தெரியவில்லை. அவருடைய போனுக்கு அடித்தாள், அது உள்ளே ஒலித்தது. சுவருக்கு அப்பால் மணி கேட்டது.

மருமகள் படியில் உட்கார்ந்தாள். சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தாள். அந்த வயதில் அன்று காலை யாரையும் சேர்க்கவில்லை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். தெருமுனையில் ஒவ்வொரு ஆளாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீன்காரர் ஒருவர் போனார். பலூன் கட்டிய சைக்கிள் ஒன்று போனது.

பதினொன்று ஐந்துக்கு டிரைவர் முனையில் திரும்பினார். முடி வெட்டிக்கொண்டு, முகம் மழித்து, பிடரியில் பவுடரோடு, ஒரு கையில் கீரைக்கட்டும் இன்னொரு கையில் குடையுமாக வந்தார். அவளைப் பார்த்ததும் நடையை மெதுவாக்கினார்.

"என்னம்மா, ஞாயித்துக்கிழமையும் வண்டி உண்டா?"

"எங்க மாமா போயிட்டீங்க? நேத்து சாப்பிடலியாமே!"

"அவன் நெனப்பா இருந்துச்சு. சாப்பிடப் பிடிக்கல. காலைல எழுந்தப்ப நல்ல பசி. நாலு இட்லி தின்னுட்டு, சலூன்ல ஒரே கூட்டம், உக்காந்துட்டேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, பயந்துட்டியா?"

"வயிறு எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

"எத்தனை தடவை போனீங்க?"

"ஒரே தடவை. கேக்கறியே, கெட்டியாத்தான்." அவர் சாவியைத் தேடினார். "இதெல்லாம் உன்கிட்டச் சொல்றதுக்கா நாங்க உசுரோட இருக்கோம்? சரி, எழுதிக்க, எழுதிக்க."

அவள் படிவத்தை முழங்காலில் வைத்து, டிரைவர் பெயருக்கு எதிரே 'நலம்' என்று எழுதினாள். நேரம் என்ற இடத்தில் பதினொன்று எட்டு என்று போட்டாள். டிரைவர் கதவைத் திறந்து உள்ளே போய், கீரையை எங்கோ வைத்துவிட்டு, விளக்கைப் போட்டார். அவள் கொஞ்ச நேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த மாதம் முடியும்வரை மூன்றாம் குறுக்குத் தெருவிலிருந்து புதிய நோயாளி யாரும் வரவில்லை.